எடைக்குப் போக இருந்த கம்ப்யூட்டரில் ஆச்சியின் பாட்டு



போன மாதம் எங்க வீட்டில் வெள்ளை அடிச்சாங்க. அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மச்சில் கிடந்த சாமான் எல்லாம் முற்றத்துக்கு வந்தது. ஓட்டை அண்டா, ஓடாத ஃபேன், அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டர். மானிட்டர் பழைய டிவி மாதிரி முதுகு நீண்டு இருந்தது. வெள்ளைப் பெட்டி மஞ்சள் பூத்துப் போயிருந்தது. பக்கத்தில் பாட்டு வாசிக்கிற கீபோர்டு ஒன்று. அதில் இரண்டு கட்டை உடைந்து கிடந்தது.

அப்பா, "ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவாரு, எடைக்குப் போட்ருவோம்" என்றார்கள். அது சித்தப்பாவின் கம்ப்யூட்டர். சித்தப்பா இப்போது துபாயில் டிரைவர். முன்னாடி கோயில் கொடைகளில் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவர். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போன் போட்டோம். "அண்ணே, போட்ராதீங்க. அதுக்குள்ள அம்மா பாட்டு கெடக்கு" என்றார்.

அம்மா என்றால் எங்க ஆச்சி. 2006-ல் இறந்துவிட்டார்கள். நான் பார்த்ததே இல்லை. வயலில் நடவு நடும்போது ஆச்சிதான் முதலில் பாடுவார்களாம், மற்றவர்கள் பின்னால் பாடுவார்களாம். அந்தப் பாட்டைக் கேசட்டில் யாரும் பிடித்து வைக்கவில்லை. அப்பா என்னிடம், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் உனக்கு டைம். எடுக்க முடிஞ்சா எடு" என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குரல் இல்லை, கணக்குதான் இருக்கு

உள்ளே ஆச்சியின் குரல் இருக்கும் என்று நினைத்தேன். சித்தப்பா சிரித்தார். "குரல் இல்ல பிள்ள. அம்மா பாடப் பாட நான் கூடவே கீபோர்டுல வாசிச்சேன். வாசிச்சது மட்டும் மிடியா இருக்கு" என்றார்.

மிடி என்பது என்ன? நம் வீட்டில் அக்காமார் கோல நோட்டு வைத்திருப்பார்களே, அது மாதிரி. 15 புள்ளி, 15 வரிசை, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு இழுக்கணும் என்று நோட்டில் இருக்கும். ஆனால் நோட்டுக்குள் கோலமாவு இருக்காது. அதே மாதிரி மிடிக்குள் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினார்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள், இவ்வளவுதான் எண்களாக இருக்கும். அதைப் படித்துச் சத்தம் போடுவது கம்ப்யூட்டரின் வேலை.

ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண். ச-வை 60-ல் வைத்தால் ரி 62, க 64, ம 65, ப 67, த 69, நி 71, மேல் ச 72 (சங்கராபரண ராகத்தின் சுரங்கள் இவை). அழுத்தின வேகமும் 127-க்குள் ஓர் எண்தான். மெதுவாகத் தொட்டால் 30, ஓங்கி அடித்தால் 120. நம்ம பாட்டில் வரும் அசைவுக்கும் வழி உண்டு. கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் தள்ளினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலை 16,384 படிகளாகப் பிரித்து எழுதுகிறது மிடி.

இது எப்போது வந்தது?

1980-களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனிக் கீபோர்டு சொல்வது இன்னொரு கம்பெனிக் கீபோர்டுக்குப் புரியாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுடாரோ காகெஹாஷியும் முன்னின்று, கம்பெனிகள் சேர்ந்து 1983-ல் ஒரு பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். அதுதான் மிடி. அதற்காக அவர்கள் இரண்டு பேருக்கும் 2013-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. 1985-ல் வந்த அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டரில் மிடி வயர் மாட்டுகிற துளை பெட்டியிலேயே இருந்தது.

நம்ம தமிழ் சினிமாவும் பின்தங்கவில்லை. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசை அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது ஏ.ஆர். ரஹ்மானின் வீட்டு ஸ்டுடியோவில் கீபோர்டும் கம்ப்யூட்டரும்தான் முக்கிய ஆட்கள். அதன் பிறகு நம்ம பக்கத்துச் சின்னப் பாட்டுக் குழுக்கள் வரைக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சித்தப்பா 2002-ல் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திருநெல்வேலியில் வாங்கி வந்தது அப்படித்தான்.

ஒரு பிளாப்பிக்குள் எத்தனை பாட்டு?

பிளாப்பி என்பது சதுரமான, மெல்லிய பிளாஸ்டிக் அட்டை மாதிரி இருக்கும். நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். அதில் 14,74,560 பைட் பிடிக்கும். சி.டி. தரத்தில் ஒரு விநாடிப் பாட்டுக்கு 1,76,400 பைட் வேணும். வகுத்துப் பாருங்கள், ஒரு பிளாப்பியில் 8 விநாடிதான் அடங்கும். "அ" என்று இழுத்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஆனால் மிடியில் ஒரு சுரத்துக்குச் சுமார் 8 பைட் போதும். ஒரு பாட்டில் 2,000 சுரம் என்றால் 16,000 பைட். அதே பிளாப்பியில் 90 பாட்டு வைக்கலாம்! இடம் குறைவாக இருந்த காலத்தில் அந்தச் சின்னப் பெட்டிகள் பாட்டுப் பாடின ரகசியம் இதுதான்.

நாதஸ்வரம் இல்லாத பட்டியல்

1991-ல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 128 வாத்தியங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 1 என்றால் பியானோ, 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். முழுப் பட்டியலையும் நான் தேடிவிட்டேன், நாதஸ்வரம் இல்லை. தவிலும் இல்லை, வில்லுப்பாட்டு வில்லும் இல்லை. நம்ம ஆதிநாதர் கோயிலில் கல்லிலேயே நாதஸ்வரம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் பட்டியலில் அதற்கு ஓர் எண்கூடக் கிடையாது. அதனால் கொடைப் பாட்டுகளில் நாதஸ்வரம் வரும் இடத்தில் எல்லாம் சித்தப்பா 112-ஐப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு இப்படி நிறையக் குறை உண்டு. 1982-ல் வந்த கொமடோர் 64-ல் ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் கேட்கும். 1985-ல் வந்த அமிகாவில் நான்கு. ஆனாலும் வெளிநாடுகளில் அவற்றிலேயே இன்றைக்கும் பாட்டு அமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றே குரல் என்றால் எது முக்கியம் என்று யோசித்துத்தானே போடணும்? பெரிய பை கிடைத்தால் கண்டதையும் திணிப்போம். சின்னப் பையில் தேவையானதை மட்டும் வைப்போம்.

நான் எடுத்த விதம்

திங்கள்கிழமை: சுவிட்ச் போட்டேன். தேதி 1980 என்று காட்டிவிட்டு அப்படியே நின்றது. சித்தப்பா சொன்னபடி உள்ளே இருந்த காசு மாதிரியான பேட்டரியை மாற்றினேன். (நீங்கள் செய்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள், பக்கத்தில் பெரியவர்கள் இருக்கட்டும்.) விண்டோஸ் 98 திறந்தது. அதில் 'கேக்வாக்' என்ற பழைய இசை மென்பொருள் இருந்தது.

செவ்வாய்: ஆச்சி என்ற பெயரில் 11 ஃபைல் இருந்தன. நான்கு திறக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க் அந்த இடத்தில் கெட்டுவிட்டதாம். மீதி ஏழு திறந்தன.

புதன்: அந்த ஏழும் டபிள்யூ.ஆர்.கே. என்ற வகை. கேக்வாக்குக்கு மட்டும் உள்ள சொந்த வகை அது. என் போன் அதைத் திறக்கவில்லை. அதனால் கேக்வாக்குக்குள்ளேயே திறந்து, 'வேறு வகையில் சேமி' என்று கொடுத்து, மிடி வகையாக மாற்றினேன். மிடி பொது மொழி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

வியாழன், வெள்ளி: அந்தக் கம்ப்யூட்டர் பென் டிரைவைக் கண்டுகொள்ளவில்லை. பிளாப்பிதான் வழி. முதல் பிளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தது, கெட்டுப் போச்சு. இரண்டாவது சரியாக வந்தது. பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார், அதில் பிளாப்பி போடலாம். அங்கிருந்து பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டேன். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

நேராக்காமல் விட்டது நல்லது

ஏழில் ஒன்றுக்கு 'ஆச்சி முடிவு' என்று பெயர். தபேலா எல்லாம் சேர்த்து அழகாக இருந்தது. ஆனால் போன் ரிங்டோன் மாதிரி இருந்தது. 'ஆச்சி 1' என்பதில் வெறும் பாட்டு மட்டும். ஐந்தே சுரம்: 60, 62, 64, 67, 69. மோகன ராகத்தின் சுரங்கள் என்றார் சித்தப்பா. அதில் ஒவ்வொரு சுற்று முடிவிலும் பாட்டு ஒரு கணம் நின்று நின்று போனது. சித்தப்பா தப்பாக வாசித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

இசை மென்பொருளில் 'குவாண்டைஸ்' என்று ஒரு வசதி உண்டு. தாளத்துக்கு முன்னே பின்னே விழுந்த சுரங்களை எல்லாம் இழுத்துக் கோட்டில் நிறுத்திவிடும், பி.டி. வாத்தியார் வரிசையில் நிறுத்துகிற மாதிரி. 'முடிவு' ஃபைலில் சித்தப்பா அதைச் செய்திருந்தார். 'ஆச்சி 1'-ல் செய்யவில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 80 தட்டு. அப்படியென்றால் ஒரு தட்டுக்கு 0.75 விநாடி. எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு தட்டை 120 பங்காகப் பிரித்து வைத்திருந்தது. அந்த இடத்தில் சுரம் 70 பங்கு தாமதம். 0.75 × 70 ÷ 120 = 0.4375. அரை விநாடிக்கும் குறைவு. எல்லாச் சுற்றிலும் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே தாமதம். தப்பு என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருமா?

சித்தப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நாத்து நடும்போது கையில உள்ளது தீந்ததும் அடுத்த முடியை எடுத்து அவுக்கணும்லா. அம்மா அந்த இடத்துல நிறுத்தி மூச்சு வாங்குவாங்க. வீட்டுல நாற்காலில உக்காந்து பாடும்போதும் அந்தப் பழக்கம் போகல."

சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு 'ஆச்சி 1'-ஐப் போட்டுக் காட்டினேன். பாட்டு நின்ற இடம் வந்ததும் அப்பா கை தானாக நின்றது. "இன்னொரு தரம் போடு" என்றார்கள். அத்தையும் வந்து கேட்டார்கள். சத்தம் பியானோவாக இருந்தாலும் அத்தைக்கு நடுவில் இரண்டு அடி வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது. அதை இப்போது நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள் இரும்புக்காரர் வந்தார். அண்டாவும் ஃபேனும் மட்டும் போனது.

நீங்களும் செய்யலாம்

உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடி தேடி நம்ம ஊருக்கே வந்தார். இங்கே ஒரு கவிராயர் வீட்டுச் சுவடி அவருக்குக் கிடைத்தது. 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்டார். ஓலையாகவே கிடந்திருந்தால் கரையான் தின்றிருக்கும். அவர் அதைப் பார்த்து எழுதி, எல்லோரும் படிக்கிற அச்சில் கொண்டுவந்தார். பழைய கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். பெட்டி பழசாவதால் பாட்டு அழிவதில்லை. வேறு யாரும் படிக்க முடியாத எழுத்தில் கிடந்தால்தான் அழிகிறது.

உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர், பிளாப்பி, கேசட் இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன்னால்:

1. உள்ளே என்ன இருக்கு என்று அதை வைத்திருந்தவரிடம் கேளுங்கள்.
2. ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்கள்.
3. இருப்பதைப் பொது வகைக்கு மாற்றுங்கள்.
4. இரண்டு இடத்தில் வையுங்கள்.
5. கோணலாக இருக்கே என்று எதையும் நேராக்காதீர்கள். முதலில் இருந்தபடியே ஒரு பிரதி இருக்கட்டும்.

திறக்காமல் போன அந்த நான்கு பாட்டும் என்ன பாட்டு என்று சித்தப்பாவுக்கே நினைவில்லை. இரண்டு வருஷம் முன்னாடியே நான் மச்சில் ஏறியிருக்கலாம். நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏறிப் பாருங்கள்.

 

— ஒன்பதாம் வகுப்பு மாணவி