மீள்தன்மையற்ற மோதுகையும் உந்தக் காப்பு விதியும்

இரு பொருள்கள் மோதி ஒன்றாகிவிடும் கணக்குகளில் மாணவர் பலர் ஒரே இடத்திலேயே தவறுகின்றனர். சத்தி அழியாது என்னும் பொதுவிதியை மனங்கொண்டு, மோதுகைக்கு முன்னும் பின்னும் இயக்கசத்தி சமமென எழுதிவிடுகின்றனர். இத்தவறு எத்துணை பாரதூரமானது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்க முற்படுகின்றோம்.

துப்பாக்கிச் சன்னத்தின் வேகத்தை அளக்கும் எறிபடை ஊசலை ஆங்கிலேயக் கணிதவியலாளரான பெஞ்சமின் ரொபின்ஸ் 1742 இல் தமது நூலில் விவரித்தார். தொங்கும் பாரமான ஊசலிற் சன்னம் புதைகின்றது; ஊசல் எழும் அளவிலிருந்து வேகம் கணிக்கப்படுகின்றது.

10 கிராம் திணிவுள்ள சன்னம் 1.99 கிலோகிராம் மரக்குற்றியிற் புதைய, இரண்டும் சேர்ந்து 5 சதமமீற்றர் உயர்ந்தன எனக் கொள்வோம். இங்கு இரு கட்டங்கள் உள. குற்றி எழும்பொழுது இயக்கசத்தி அழுத்தசத்தியாக மாறுகின்றது. ஈர்ப்பு ஆர்முடுகலை 10 மீற்றர்/செக்கன்² எனக் கொண்டால், எழத் தொடங்கிய வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். சன்னம் புதையும் கணத்திலோ கிடையாகப் புறவிசை இல்லை. ஆதலின் கிடை உந்தம் மாறாது. 2 கிலோகிராம் 1 மீற்றர்/செக்கன் வேகத்திற் கொண்ட உந்தமே சன்னத்தின் உந்தம். எனவே சன்னத்தின் வேகம் செக்கனுக்கு 200 மீற்றர்.

மோதுகையிலும் இயக்கசத்தி சமமெனக் கொண்டிருப்பின் விடை ஏறத்தாழ 14 மீற்றர் மட்டுமே. உண்மையில் சன்னம் கொணர்ந்த 200 யூலில் 1 யூல் மாத்திரமே குற்றியின் அசைவாக எஞ்சிற்று. ஏனைய 199 யூல் வெப்பமாகவும் மரத்தின் சிதைவாகவும் ஒலியாகவும் மாறிற்று.

சத்தி இவ்வாறு மறைய, உந்தம் மறையாதது ஏன்? சத்திக்குத் திசையில்லை, ஆதலின் அது மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற அசைவிற் பரந்து ஒளிந்துகொள்ளும். உந்தம் திசையுடையது. எத்திசையிலும் நிகழும் அவ்வசைவுகளின் உந்தங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், மொத்த உந்தம் அங்கு ஒளிய இடமில்லை. சன்னமும் குற்றியும் ஒன்றன்மீதொன்று செலுத்தும் விசைகள் சமமும் எதிருமாதலின், ஒன்று இழந்ததை மற்றையது பெற்றே தீரும்.

வெவ்வேறு தூரங்களில் இவ்வாறு அளந்த ரொபின்ஸ், விரைந்து செல்லும் சன்னத்திற்கு வளியின் தடை அக்காலத்தோர் எண்ணியதிலும் மிகப் பெரிதென நிறுவினார். எந்தக் கட்டத்தில் எக்கணியம் காக்கப்படுகின்றது எனும் வினாவை முதலில் எழுப்புதலே இத்தகைய கணக்குகளின் திறவுகோல். சூத்திரத்தை மனனஞ்செய்தல் அவ்வினாவிற்கு ஈடாகாது.