பழவேற்காட்டுப் பாடும் அறிவு முதலும்

முன்னுரை

நிலமும் பணமும் பொறியுமே முதல் என்று கருதிய காலம் கடந்துவிட்டது. பணிபுரிவோரின் பட்டறிவும், அவர்கள் வகுத்துக்கொண்ட நடைமுறைகளும், பிறரோடு கொண்ட நம்பிக்கையும் இன்று 'அறிவு முதல்' எனப் போற்றப்பெறுகின்றன. சுவீடன் நாட்டுக் காப்பீட்டு நிறுவனமாகிய ஸ்காண்டியா, 1990களின் நடுப்பகுதியிலேயே தன் அறிவு முதலைக் கணக்கிட்டு அறிக்கை வெளியிட்டது. 2018இல் அறிவு மேலாண்மைக்கென ஐஎஸ்ஓ 30401 என்னும் பன்னாட்டுத் தரமும் வகுக்கப்பெற்றது. இம்முதல் பெருநிறுவனங்களுக்கு மட்டுமே உரியதன்று. நம் பழவேற்காட்டு மீனவர் குப்பங்களிலும் அது உண்டு. அதனைப் பேணும் நெறி யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடு முறை

தமிழகத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்துள்ள பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆதலின் முகத்துவாரத்தை அடுத்த இடங்களிலேயே இறால் மிகுதியாகக் கிடைக்கும். எல்லாரும் அங்கே வலை கட்டினால் பூசலே மிஞ்சும். இதனைத் தவிர்க்கக் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் பட்டினவர் வகுத்ததே பாடு முறை. தலைக்கட்டுப் பட்டியலில் இடம்பெற்றோர், எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது.

இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இத்தகைய வழக்கம் உண்டு. அங்கே அது 1958இல் அரசு விதியாகவே எழுதப்பெற்றது.

எழுதப்பெறாத ஏடு

முறையைத் தாளில் எழுதிவிடலாம். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பிரித்தறிதலும், நீரோட்டம் கண்டு வலை கட்டுதலும், முகத்துவாரம் மணலால் அடைபடும் குறியை முன்னரே உணர்தலும் தாளில் எளிதில் அடங்குவன அல்ல. இவை தந்தையின் படகிலிருந்து மகனுக்கு வருபவை. மகன் வேலை தேடிச் சென்னைக்குச் சென்றுவிட்டால், ஒரு நூலகமே பூட்டப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் குப்பம் ஒன்றிற்குச் சென்று தொழிற்சொற்களைத் தொகுத்தேன். முதியவர் ஒருவர் வலையைச் செப்பனிட்டபடியே நெடுநேரம் சொற்களைச் சொன்னார். ஈராண்டு கழித்து அவரைக் கண்டபோது, "எழுதிக்கிட்டுப் போனீங்களே சார், எங்க பேரனுக்கு ஒரு நோட்டு குடுப்பீங்களா?" என்றார். தேர்வு முடிந்ததும் அவ்வேடுகள் எங்கோ மறைந்திருந்தன. மறுமொழி கூற இயலாது நாணி நின்றேன்.

வேண்டப்பெறும் நெறிகள்

அந்நாணமே இந்நெறிகளைக் கற்பித்தது. முதலாவது, ஒப்புதல்: எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதை அறிவுக்கு உரியோரே முடிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, மூலம்: சொன்னவர், ஊர், நாள் ஆகியன குறிக்கப்பெறல் வேண்டும். இரு குப்பத்தார் இருவேறாகக் கூறின் இரண்டையும் பதிதல் வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிய கடப்பாடு இங்கும் பொருந்தும். மூன்றாவது, நேர்மை: பாடு முறை தன் பட்டியலில் இல்லாத பிறரை விலக்குகிறது என்பதையும் மறைத்தலாகாது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மகளிரின் அறிவும் ஏட்டில் இடம்பெறல் வேண்டும். நான்காவது, மீள ஒப்படைத்தல்: முதற்படி குப்பத்திற்கே சேர்தல் வேண்டும்.

எழுத்துச் சான்றின் வலிமையை மஞ்சள் வழக்கு உணர்த்தும். மஞ்சளின் புண்ணாற்றும் ஆற்றலுக்கு 1995இல் அமெரிக்காவில் தரப்பெற்ற காப்புரிமை, நம் நாட்டார் காட்டிய பழைய நூற்சான்றுகளால் 1997இல் நீக்கப்பெற்றது. எழுதப்பெறாத அறிவுக்கு அத்தகைய அரண் இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்வழி ஊர்தோறும் அமையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, இவ்வறிவைப் பதிய ஒரு வாயிலாகும்.

முடிவுரை

அறிவைத் தொகுப்பது கற்றோர் கடன். தொகுத்ததைத் திருப்பித் தருவது அதனினும் பெரிய கடன். நம் மாணவருள் மீனவர் குடும்பத்தாரும் உளர். அவர்கள் தம் பாட்டனாரின் சொற்களைத் தாமே எழுதி, ஒரு படியைத் தம் ஊரிலும் மறு படியைக் கல்லூரி நூலகத்திலும் வைப்பாராயின், அம்முதியவரின் வினாவுக்கு விடை கிடைத்ததாகும்.