தொட்டியில் வளரும் காய்ச்சல்

மலேரியாவுக்குக் காலத்தைக் குறிப்பது வானிலை. இடத்தைக் காட்டுவதோ மனிதர்கள் தேக்கும் தண்ணீர்.

கொல்கத்தாவின் பவானிபூரில், பி.ஜி. மருத்துவமனை என்று எல்லோரும் அழைக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் மதிலில் ஒரு நினைவு வாயில் இருக்கிறது. 1898-ல் இங்கிருந்த சிறு ஆய்வுக்கூடத்தில்தான் ரொனால்ட் ராஸ், கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியே மலேரியா கிருமி பரவுவதை நிரூபித்தார். பிளேக் தடுப்பூசி பீதியில் மக்கள் ரத்தம் கொடுக்க மறுத்த சமயம். கைகொடுத்தவை குருவிகள். 1902-ல் நோபல் பரிசு. 1927-ல் நினைவு வாயிலைத் திறந்துவைக்க ராஸே வந்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் மலேரியா இந்த நகரை விட்டபாடில்லை.

காரணங்களில் முதலாவது வெப்பம். கொசுவின் வயிற்றுக்குள் போன கிருமி உடனே நோய் பரப்பிவிடாது. அது முதிர வேண்டும். சாதாரணமாகக் காணப்படும் விவாக்ஸ் வகைக்கு 25 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நாள் பிடிக்கும். 20 டிகிரியில் ஏறக்குறைய இருமடங்கு. அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும். குளிர்காலத்தில் நோய் அடங்குவது இதனால்தான். ஈரப்பதம் கொசுவின் ஆயுளை நீட்டிக்கிறது. கொல்கத்தாவின் மழைக்காலத்தில் வெப்பம், ஈரம் இரண்டும் தாராளம்.

அதற்காக மழைதான் மலேரியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1934-35-ல் இலங்கையில் நடந்தது நேர் எதிர். மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப் படுகைக் குட்டைகளில் கொசு பெருகியது. பலியானவர்கள் சுமார் 80,000 பேர்.

நகரத்து மலேரியாவுக்கோ ஆறும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். அதைப் பரப்பும் 'அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி' கொசுவுக்குப் பிடித்தது, சாக்கடையல்ல, சுத்தமான தண்ணீர். மொட்டை மாடித் தொட்டி, கிணறு, கட்டடங்களில் சிமெண்டை ஆற்றத் தேக்கும் நீர், வங்காளிகள் 'சௌபாச்சா' என்று சொல்லும் குளியல் தொட்டி எல்லாமே அதற்குப் பிரசவ அறைதான். சென்னையிலும் இதே கொசு, இதே கதை. கோடையில் குழாய் வறண்டால் வீட்டுக்கு வீடு தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். கொசு பஞ்சத்திலும் பிழைத்துக்கொள்கிறது.

இந்தப் பழக்கமே அதற்குக் கடல் கடந்தும் வழிவிட்டிருக்கிறது. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. 2016-ல் இலங்கை மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மன்னார் கிணறுகளில் இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது.

மருந்து எளிது: தொட்டியை இறுக மூடுவது, மூட முடியாததை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுவது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் இதுவே போதும். சிக்கல், ஆளில்லாத இடங்களில். பூட்டிக் கிடக்கும் வீட்டின் மாடிக்கும், பாதியில் நின்ற கட்டடத்தின் தரைத்தொட்டிக்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. காய்ச்சலில் விழுவதோ பக்கத்து வீட்டுக் குழந்தையும், கட்டட வேலைக்கு வந்து அங்கேயே படுத்துறங்கும் தொழிலாளியும்தான்.