உறையும் உள்ளகமும்: மருந்து சுமக்கும் பலபடி நானோத்துகள்கள்

பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பாக்லிடாக்செல், புற்றுசெல்கள் பிளவுபட்டுப் பெருகுவதைத் தடுக்கவல்ல மருந்தாயினும், நீரில் ஏறத்தாழக் கரையாத அதனைக் குருதியில் செலுத்துவது எளிதன்று. 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சால் என்னும் வடிவில், ஆமணக்கு எண்ணெயை எதிலீன் ஆக்சைடுடன் வினைபுரியச் செய்து பெறப்படும் கிரெமோஃபோர் என்ற பொருளும் எத்தனாலும் கரைப்பானாக அமைந்தன. அந்தக் கிரெமோஃபோரே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியதால், ஸ்டீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தும் முன்கூட்டியே தர வேண்டியிருந்தது. நோயைத் தீர்க்கும் பொருளைவிட அதைச் சுமந்துவரும் பொருளுக்கே மிகுதியாக அஞ்ச வேண்டிய விந்தையான நிலை அது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்தவற்றுள் ஒன்று உள்ளகம்–உறை அமைப்புடைய பலபடி நானோத்துகள். சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து உருவாகும் நெடிய மூலக்கூறே பலபடி எனப்படும். நீரை விரும்பும் பாலிஎதிலீன் கிளைக்கால் ஒரு பாதியாகவும், நீரை வெறுக்கும் பாலிலாக்டிக் அமிலம் மறுபாதியாகவும் அமைந்த சங்கிலிகளைப் போதிய செறிவில் நீரிலிட்டால், நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளகமாகத் திரள, நீரை விரும்பும் பகுதிகள் வெளிநோக்கி நீண்டு உறையாகின்றன. பெரும்பாலும் 20 முதல் 100 நானோமீட்டர் வரை குறுக்களவுள்ள இத்திரள்களின் உள்ளகத்தில், நீரில் கரையாத மருந்து தங்கிவிடுகிறது.

உள்ளகத்தைக் காட்டிலும் நுட்பமான பணி உறைக்குரியது. குருதியில் நுழையும் அயல்துகளின் மேல் புரதங்கள் படிய, அவற்றை அடையாளமாகக் கொண்டு கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்குசெல்கள் அத்துகளை அகற்றிவிடுகின்றன. நீரைப் பற்றிக்கொண்டு அசையும் பாலிஎதிலீன் கிளைக்கால் இழைகள் புரதப் படிவைக் குறைப்பதால் துகளின் சுற்றோட்ட நேரம் நீள்கிறது. சிறுநீரகத்தின் வழியே வடிந்துவிடாத அளவுக்கு அதன் பருமனும் போதுமானதாக உள்ளது.

இவ்வமைப்பில் பாக்லிடாக்செலை ஏற்றிய ஜெனெக்சால்-பிஎம் தென்கொரியாவில் 2007இல் ஒப்புதல் பெற்றது. டாக்சால் வழக்கமாக உடற்பரப்பின் சதுரமீட்டருக்கு 175 மில்லிகிராம் என்னும் அளவில் தரப்பட, கிரெமோஃபோர் இல்லாத இதனை ஆய்வுகளில் 300 மில்லிகிராம் அளவிலும் தர முடிந்தது. ஆயினும் குருதியில் இத்திரள் நெடுநேரம் மருந்தைப் பிடித்து வைத்திருப்பதில்லை. ஆகவே இதன் வெற்றியைப் புற்றுக்கட்டி என்னும் இலக்கு நோக்கிய பயணத்தின் வெற்றி என்பதைவிட, தீங்கான கரைப்பானை நீக்கியதன் வெற்றி என்பதே பொருத்தம்.

அவ்விலக்கைத் துகள்கள் சென்றடையும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளமிட்டது, 1986இல் ஜப்பானிய அறிவியலாளர்களான மட்சுமுராவும் மயேதாவும் வெளியிட்ட ஆய்வு. புற்றுக்கட்டியின் குருதிக்குழாய்ச் சுவர்கள் கசிவுடையன, நிணநீர் வடிகாலும் அங்கே குறைவு என்பதால், பெரிய மூலக்கூறுகள் கட்டிக்குள் புகுந்து தேங்கும் என்பது அக்கருத்து. விலங்குகளில் தெளிவாகத் தெரிந்த இவ்விளைவு மனிதரிடத்தில் கட்டிக்குக் கட்டி மாறுபடுகிறது. முந்தைய பல விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, செலுத்திய நானோத்துகள்களில் கட்டியை அடைவது இடைநிலை மதிப்பாக 0.7 விழுக்காடு மட்டுமே.

எஞ்சிய துகள்கள் வழியிலேயே மருந்தை உதிர்த்தால் நலமான உறுப்புகளுக்குத் தீங்கு நேரும் என்பதால், மருந்தை உள்ளகத்தில் வெறுமனே அடைக்காமல், ஹைட்ரசோன் போன்ற வேதிப்பிணைப்பால் சங்கிலியோடு கட்டிவைக்கும் முறையும் உருவாக்கப்பட்டுள்ளது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் மதிப்பு 7.4 ஆக உள்ள குருதியில் பெரும்பாலும் நிலைத்திருக்கும் அப்பிணைப்பு, செல் துகளை உள்ளிழுத்து அடைக்கும் நுண்பைகளில் அம்மதிப்பு 5 அளவுக்கு இறங்கும்போது அறுபட்டு மருந்தை விடுவிக்கிறது.