படத்தில் ஒரு பாடம்

2019 ஆகஸ்ட் 26-ல் நம் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. மறு வருஷம் கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடக்க, அரசுப் பள்ளி ஆசிரியர்களே அதில் தோன்றிப் பாடம் நடத்தினார்கள்.

“பயிற்சின்னா பட்டனைத் தட்டக் கத்துக் கொடுத்தா போதுமாக்கா? எதிரே பிள்ளைங்க முகமே இல்லியே! புரிஞ்சுதான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள், தொண்டூரில் என் பக்கத்து வீட்டு ஆசிரியை. நியாயந்தானே!

பேசுவதை முதலில் எழுதிக்கொள்ளணும். ஒரு படத்துக்கு ஒரே விஷயம், ஐந்தாறு நிமிஷம். நடுவே ஒரு கேள்வி. குழந்தை யோசிக்கச் சற்று மௌனம். மின்விசிறியை நிறுத்தினால்தான் குரல் தெளிவாக விழும். (வேர்க்கத்தான் செய்யும்!)

எங்களூர் மலையிலுள்ள சமணர் கற்படுக்கைகளை செல்போனில் எடுத்தாலே அருமையான சரித்திரப் பாடம்.

போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு? வகுப்பிலேயே போட்டுக் காட்டுகிறாளாம், நிறுத்தி நிறுத்தி, முகம் பார்த்து.