படிவம் மூன்றிலேயே கேட்க வேண்டிய கேள்வி

தொழில்திறன் கல்விக்கு, இப்போது எல்லாரும் சொல்லும் பெயரில் ‘திவெட்’டுக்கு, மலேசிய அரசாங்கம் 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 680 கோடி வெள்ளி ஒதுக்கியது. 2025க்கு அந்த ஒதுக்கீடு 750 கோடி வெள்ளியாக உயர்ந்தது. துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி தலைமையில் இதற்கென்றே ஒரு தேசிய மன்றம் இயங்குகிறது. இத்தனை இருந்தும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் குடும்பங்கள் பல, பிள்ளை படிவம் 5இல் எஸ்.பி.எம். தேர்வை முடித்த பிறகே “இனி என்ன செய்யலாம்?” என்று விசாரிக்கத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் முதலில் கண்ணில் படுவது கடைவீதியில் தொங்கும் தனியார் பயிற்சி மையத்தின் பதாகை. அரசாங்கம் செலவைச் சுமக்கும் படிப்பை விட்டுவிட்டு, கடன் வாங்கிப் படிக்கும் படிப்பில் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறோம்.

கைத்தொழில் நமக்குப் புதிதல்ல. செந்தூல் ரயில்வே பட்டறையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய தமிழர்கள் எத்தனையோ பேர். பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்ததில் ரயில்வேக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தலைமுறை வேலையிடத்திலேயே தொழிலைக் கற்றது. இன்று அது போதாது. கையில் திறமை இருந்தாலும் சான்றிதழ் இல்லாதவருக்குச் சம்பளம் ஏறுவதில்லை, குத்தகை கிடைப்பதில்லை, சில வேலைகளைச் செய்யச் சட்டமே அனுமதிப்பதில்லை. மின்கம்பி பொருத்தும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம், எரிவாயு துறைகளைக் கண்காணிக்கும் எரிசக்தி ஆணையம் தரும் தகுதிச் சான்று இல்லாமல் அந்த வேலையைப் பொறுப்பேற்றுச் செய்ய முடியாது. ஒற்றைக் கட்ட இணைப்புக்கு ஒரு சான்று, மூன்று கட்ட இணைப்புக்கு வேறு சான்று. மூன்று வாரப் பயிற்சி கொடுத்து ஒரு மையம் நீட்டும் வண்ணத்தாள் அந்தச் சான்றுக்கு ஈடாகாது.

அரசாங்கத்தின் முதல் கதவு திறப்பது எஸ்.பி.எம்.முக்குப் பிறகு அல்ல, படிவம் 3 முடியும்போது. மலாயில் கோலேஜ் வொக்கேஷனல் எனப்படும் தொழிற்கல்லூரிகளைச் சுருக்கமாகக் கே.வி. என்பார்கள். முன்பு தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகளாக இருந்தவைதான் 2012 முதல் படிப்படியாக இப்படி மாற்றப்பட்டன. கல்வி அமைச்சின் கீழ் நாடு முழுக்க 80க்கும் மேற்பட்ட கே.வி.கள் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கிள்ளான், செத்தாப்பாக், கோம்பாக், சுங்கை பூலோ, காஜாங், சிப்பாங் ஆகிய இடங்களில் கே.வி. இருக்கிறது. வாகனப் பழுதுபார்ப்பு, உலோக ஒட்டு, மின்துறை, குளிர்பதனம் முதல் ரொட்டி தயாரிப்பு, ஆடை வடிவமைப்பு, கணக்கியல், பாலர் பராமரிப்பு வரை பாடப்பிரிவுகள் உண்டு. முதலில் மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழான எஸ்.வி.எம்., பிறகு டிப்ளோமாவான டி.வி.எம். இது அரசாங்கப் பள்ளிப் படிப்பின் தொடர்ச்சி. தனியார் கல்லூரியில் கேட்பதைப் போல ஆயிரக்கணக்கில் கல்விக் கட்டணம் இங்கே கிடையாது.

படிவம் 3 மாணவர்கள் எழுதிவந்த பி.டி.3 தேர்வு 2022இல் ரத்தாகிவிட்டதால், தேர்வு முடிவு வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பதில் பொருளில்லை. பள்ளி மதிப்பீட்டை வைத்தே ஆள் எடுக்கிறார்கள், நேர்முகமும் நடக்கிறது. விண்ணப்பம் இணையம் வழியாக. அது திறந்திருக்கும் காலம் குறுகியது, ஆண்டுதோறும் தேதியும் மாறும். எனவே படிவம் 3இன் முதல் பருவத்திலேயே பள்ளியின் ஆலோசக ஆசிரியரை நேரில் பார்த்து, “கே.வி. விண்ணப்பம் எப்போது திறக்கும்?” என்று கேளுங்கள். இதைக் கேட்பது பெற்றோரின் உரிமை. பதில் சொல்வது பள்ளியின் கடமை. பள்ளி கைவிரித்தால் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது. அங்கும் பதில் வராவிட்டால், அரசாங்கத் துறைகளுக்கான ‘சிஸ்பா’ புகார் முறையில் எழுத்துபூர்வமாகப் புகார் செய்யலாம்.

‘படிப்பு ஏறாத பிள்ளைக்குத்தான் தொழிற்கல்வி’ என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. இந்த எண்ணம்தான் நமக்குப் பெருங்கேடு என்பேன். டிப்ளோமா முடித்தவர்களுக்குப் பட்டப்படிப்புக்கும் வழி உண்டு. யூ.டி.எச்.எம்., யூ.டெம், யூனிமேப், பகாங்கில் உள்ள சுல்தான் அப்துல்லா பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு இந்த மாணவர்களை மனத்தில் வைத்தே இயங்குகிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில் பதிவு பெற்று, தொழில்முறைத் தகுதியோடு நிமிர்ந்து நிற்கவும் முடியும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். கே.வி.யில் சேர்ந்துவிட்டோம், இனி ஸ்பேனரைப் பிடித்தால் போதும் என்று பிள்ளைகள் தேசிய மொழியையும் வரலாற்றையும் கைவிட்டுவிடக் கூடாது. எஸ்.வி.எம். சான்றிதழை எஸ்.பி.எம்.முக்கு இணையாக ஏற்பதற்கு, தொழிற்பாடத் தேர்ச்சியோடு தேசிய மொழித் தேர்ச்சியும் பார்க்கப்படுகிறது. அரசாங்க வேலைக்கும் மேற்படிப்புக்கும் மனுச் செய்யும் நாளில்தான் இந்தக் குறை உறைக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாய் மொழியில் தடுமாறும் பிள்ளைக்கு, படிவம் 1, 2இலேயே துணைப்பாடம் வைப்பதுதான் பயன் தரும் முதலீடு.

பழைய பள்ளியையும் நண்பர்களையும் விட மனமில்லாத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சில சாதாரண இடைநிலைப்பள்ளிகளில் படிவம் 4, 5இல் பி.வி.எம்.ஏ. என்ற தொழிற்பிரிவு நடக்கிறது. எஸ்.பி.எம்.மோடு, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழும் இரண்டாம் நிலையில் சேர்ந்து கிடைக்கும். எந்தப் பள்ளியில் எந்தத் தொழில் என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு யூ.பி.திவெட் என்ற ஒரே இணையவாசல் வழியாகப் பல அமைச்சுகளின் நிலையங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மனிதவள அமைச்சின் கீழ் ஷா ஆலமில் அட்தெக், கூச்சாய் லாமாவில் ஐ.எல்.பி. என்று பலருக்கும் தெரிந்த நிலையம். இளைஞர் அமைச்சின் கீழ் சிப்பாங்கிலும் உலு லங்காட்டின் டூசுன் துவாவிலும் தொழிற்பயிற்சி நிலையங்கள். உயர்கல்வி அமைச்சின் கீழ் ஷா ஆலம் பாலிடெக்னிக்கும் சமூகக் கல்லூரிகளும். மாரா என்ற அரசாங்க அமைப்பின் நிலையங்களில் பெரும்பாலான இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு உரியவை என்பதால், அதை மட்டும் கேள்விப்பட்டு ‘அரசாங்கத்தில் நமக்கு இடமில்லை’ என்று ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. மற்ற அமைச்சுகளின் கதவுகள் எல்லா இனத்தாருக்கும் திறந்தவை. நாம் மனுவே செய்யாமல் இருந்துவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று சொன்னால், அந்தப் புகாருக்கு வலு இருக்காது. ஷா ஆலமில் 1959 முதல் நடக்கும் மோன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுனையும் சொல்ல வேண்டும். வசதியற்ற பிள்ளைகளுக்குத் தங்குமிடத்தோடு தொழில் கற்றுக்கொடுக்கும் தொண்டு நிலையம் அது. உடற்குறையுள்ளவர்களுக்குப் பாங்கியில் சமூகநலத் துறையின் பயிற்சி மையம் இருக்கிறது.

இனி ஆபத்துகளுக்கு வருவோம். தனியார் மையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பாராமல் பணத்தைக் கட்டிவிட்டு அழுபவர்கள் ஏராளம். எஸ்.கே.எம். சான்றிதழை வழங்கும் அதிகாரம் 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி ஜே.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறைக்கு மட்டுமே உண்டு. மையம் அதன் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் மொத்த மையத்துக்கும் கொடுக்கப்படுவதில்லை. இன்ன தொழிலுக்கு, இன்ன நிலைக்கு, இன்ன தேதி வரை என்றுதான் கொடுக்கப்படுகிறது. வாகனத் தொழிலில் இரண்டாம் நிலைக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு மூன்றாம் நிலைக்கு ஆள் சேர்த்தால், உங்கள் பிள்ளையின் உழைப்புக்குச் சான்றிதழ் வராது. ஜே.பி.கே.யின் ‘மைஸ்பைக்’ இணையத்தளத்தில் மையத்தின் பெயரைத் தட்டினால் இந்த விவரங்கள் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

‘இலவசப் பயிற்சி’ என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் கவனமாக இருங்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பல இடங்களில் அது பி.டி.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன். அது அரசாங்கம் தரும் நல்ல வசதிதான். ஆனால் கடன் கடன்தான், பிள்ளையின் பெயரில் திரும்பக் கட்ட வேண்டியது. நிரப்பப்படாத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தின் நகலை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை பாதியில் நின்றால் மையத்திடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், பி.டி.பி.கே.க்கும் உடனே எழுதித் தெரிவியுங்கள். மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் நிதியில் நடக்கும் பயிற்சி என்று யாராவது சொன்னாலும் அப்படியே. மித்ராவிடமே நேரில் உறுதி செய்யுங்கள்.

ஏமாந்துவிட்டால் வழியே இல்லை என்று முடங்க வேண்டாம். அங்கீகாரம் தொடர்பான புகாரை ஜே.பி.கே.யிடம் கொடுக்கலாம். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, விளம்பரத் துண்டு, வாட்ஸ்ஆப் செய்தி எல்லாமே ஆதாரம். “சான்றிதழ் கட்டாயம் கிடைக்கும்” என்று விற்பனையாளர் அனுப்பிய ஒரு வரிச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

பள்ளியை விட்டு நேராகப் பட்டறைக்குப் போகும் பையன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “தொழில் கற்றுக்கொடுக்கிறேன், சம்பளம் பிறகு பார்க்கலாம்” என்பது பழைய வழக்கம். தொழில் பழகுநர் என்று ஒருவரை வைத்திருக்க, சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தமும் இல்லாமல் முறையான பயிற்சியும் இல்லாமல் காலை முதல் இரவு வரை வேலை வாங்கினால், பெயர் என்னவாக இருந்தாலும் அவன் தொழிலாளி. 2025 ஆகஸ்டு முதல் சிறிய முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. வேலையிட விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பும் அவனுக்கு உண்டு. இயந்திரத்தில் விரல் போன பிறகு இதைத் தேடக் கூடாது. மனிதவள அமைச்சின் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வேலை செய்துகொண்டே முறைப்படி கற்க விரும்புபவர்களுக்கு எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005 முதல் இருக்கிறது. அதில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலும் எஞ்சியது வகுப்பறையிலும் நடக்கும்.

இருபது ஆண்டு மெக்கானிக்காக இருந்தும் ஒரு சான்றிதழும் இல்லாத தந்தையருக்கும் வழி உண்டு. பி.பி.டி. என்ற முறையில், அதுவரை செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால் வகுப்புக்குப் போகாமலேயே எஸ்.கே.எம். பெறலாம். கிள்ளானில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்களும் தையல், முடிதிருத்தத் தொழிலில் இருப்பவர்களும் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அடையாளப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் நிலைதான் மிகக் கடினம். அரசாங்கப் பயிற்சிக்கும் கடனுக்கும் குடியுரிமையைக் கேட்பார்கள். மைகாட் 12 வயதில் எடுக்க வேண்டியது. பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் 17 வயது வரை தள்ளிப்போடாமல் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே தேசியப் பதிவிலாகாவுக்கு அலையத் தொடங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்.பி.எம். மாணவர்களுக்குச் சிறப்புப் பூஜையும் தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்கும் நடத்துகிறீர்கள். அதே மண்டபத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் படிவம் 3 பெற்றோரைக் கூட்டி, பக்கத்துக் கே.வி. ஆசிரியர் ஒருவரை அழைத்துப் பேசவையுங்கள். இரண்டு கணினிகளை வைத்து, விண்ணப்பம் திறந்திருக்கும் வாரத்தில் அங்கேயே பூர்த்தி செய்து கொடுங்கள்.