ஸ்பானிஷ் வகுப்பில் என் பெயரெச்சம்

பல்கலைக்கழகத்தில் அயல்மொழிப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும் என்றதும் நான் ஸ்பானிஷைத் தேர்ந்தெடுத்தேன். "சுலபமா ஏ வாங்கிடலாம்" என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னதே காரணம். முதல் பருவம் அப்படித்தான் போனது. இரண்டாம் பருவத்தில் 'கே' வந்தது.

பெயரையும் அதை விளக்கும் வாக்கியத்தையும் பிணைக்கும் சொல்தான் 'கே'. மலாயில் 'யாங்' செய்யும் வேலை. 'நான் வாங்கிய புத்தகம்' என்பது 'எல் லிப்ரோ கே கொம்ப்ரே'. இவ்வளவுதானே என்று நினைத்தேன். சிறுதேர்வில் 'நான் பழம் வெட்டிய கத்தி' என்று மனத்தில் தமிழில் யோசித்து, 'கே' மட்டும் போட்டு எழுதினேன். சிவப்பு மை வட்டமிட்டிருந்தது. 'கொன் எல் கே', அதாவது 'எதனால் வெட்டினேனோ அந்த' என்று எழுதியிருக்க வேண்டுமாம். 'நான் வந்த பேருந்து' என்றால் 'என் எல் கே'. 'நான் கடிதம் எழுதிய தோழி' என்றால் 'ஆ கியேன்'. இருபதுக்கு ஆறு மதிப்பெண்.

தமிழில் இந்தச் சிக்கல் ஏன் இல்லை? வெட்டிய, வந்த, எழுதிய: எல்லாம் பெயரெச்சம். எஸ்.பி.எம். தேர்வுக்கு அதன் இலக்கணத்தை மனப்பாடம் செய்தவன்தான் நான். நன்னூலை எடுத்துப் பார்த்தேன். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறு பொருளின் பெயரும் பெயரெச்சத்தை முடிக்கும் என்கிறது. சமைத்த அக்காள், சமைத்த சட்டி, சமைத்த வீடு, சமைத்த நாள், சமைத்த மீன். வினை மாறவே இல்லை. உறவு என்னவென்று கேட்பவரே புரிந்துகொள்கிறார். ஸ்பானிஷோ அதைப் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது.

நம் வழிக்கும் ஒரு விலை உண்டு. பழைய உரைகளில் வரும் 'புலி கொன்ற யானை' நினைவிருக்கிறதா? செத்தது புலியா, யானையா? ஸ்பானிஷில் 'எல் எலெஃபாந்தே கே மத்தோ அல் திக்ரே' என்றால் செத்தது புலி. 'அல்' என்பதை 'எல்' ஆக்கினால் செத்தது யானை. ஓர் எழுத்தில் ஓர் உயிர்! இதைக் கண்டபோதுதான் அந்த மொழிமேல் எனக்கு உண்மையான ஆசை வந்தது.

ஏவல் வினையில் நமக்கு உறவு நெருக்கம். மலாயில் 'ஜாஙான்' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் விலக்கு ஆகிவிடும். நாம் 'வா' என்பதை 'வராதே' என்று வினையையே மாற்றுகிறோம். அவர்களும் 'பென்' என்பதை 'நோ பெங்காஸ்' என்று மாற்றுகிறார்கள். மரியாதைக்கும் தனி வடிவம் உண்டு. அங்கேதான் சறுக்கினேன். என் அம்மாவைவிட மூத்தவரான ஆசிரியைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, 'சியெந்தத்தே' என்றேன். 'உட்காரு' என்று சொன்னது போல! 'சியெந்தெசே' என்றிருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஸ்பெயினில் மாணவர்கள் பேராசிரியரைப் பெரும்பாலும் நீ என்றே அழைப்பார்கள் என்றும், பொகோட்டாவில் பிறந்த தான் பெற்ற தாயையே நீங்கள் என்று அழைத்து வளர்ந்ததாகவும் சொன்னார். எனக்குக் காது சிவந்துவிட்டது.

இறுதித் தேர்வில் புலி வரவில்லை. கத்திதான் வந்தது. 'கொன் எல் கே' என்று எழுதினேன்.